சென்னையிலேர்ந்து டெல்லிக்கு வீடு மாத்துறோம், நாய் பூனையெல்லாம் எப்படி கூட்டிட்டு போறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலேர்ந்து டெல்லி, குர்கான், நொய்டான்னு வேலை மாத்திப் போற குடும்பங்க என்கிட்ட கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விங்க தான், ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். கேட்டவங்க வார்த்தையிலயே கேள்வியப் போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயம்: லாரிக்கு தேதி குறிச்சுட்டு அப்புறமா நாய்க்கு வழி தேடாதீங்க. நாய் போற தேதிய முதல்ல முடிவு பண்ணுங்க, லாரி அதுக்கு ஏத்த மாதிரி வரட்டும். சோபா ரெண்டு நாள் லேட்டா வந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரங்களே நாயையும் சாமானோட ஏத்திட்டு போயிடுவாங்களா?

மாட்டாங்க, யாராவது ஏத்திக்கறேன்னு சொன்னாலும் நீங்க சம்மதிக்காதீங்க. சாமான் லாரில காத்து வராது, பின்னாடி கதவ பூட்டிட்டாங்கன்னா டெல்லி போய் தான் திறப்பாங்க, நடுவுல கோடவுன்ல நிறுத்தி வேற வண்டிக்கு மாத்துறதும் உண்டு. உயிர ஏத்தறதுக்கு தனி சட்டமே இருக்கு, 1978ல வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகள். கோடைல நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, குளிர்காலத்துல ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா நாய்க்கும் பூனைக்கும் தண்ணி காட்டணும், வளந்ததுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருக்கா, குட்டிக்கு 4 மணி நேரத்துக்கு ஒருக்கா சாப்பாடு தரணும்னு அதுல இருக்கு. சாமான் லாரில இது எதுவுமே நடக்காது.

எவ்ளோ நாள் முன்னாடி ஆரம்பிக்கணும் அக்கா?

ரெண்டு மாசம் இருந்தா நிம்மதியா பண்ணலாம். ரயில் ரிசர்வேஷன் இப்ப 60 நாள் முன்னாடி தான் ஓப்பன் ஆகுது (2024 நவம்பர்லேர்ந்து, அதுக்கு முன்னாடி 120 நாள்), ஃபர்ஸ்ட் ஏசில பெர்த் கொஞ்சம் தான் இருக்கும், லீவ் சீசன்ல சட்டுனு தீர்ந்துடும். ரேபிஸ் ஊசி போட்டு ஒரு மாசமாவது ஆகியிருக்கணும். இதையெல்லாம் விட, நாய் கூண்டுக்குப் பழகறதுக்கு தான் நாள் வேணும், காச குடுத்து கடைசி நேரத்துல வாங்க முடியாத விஷயம் அது ஒண்ணு தான்.

எந்த மாசம் போறதுன்னு உங்க கைல இருந்தா அக்டோபர், நவம்பர், இல்ல பிப்ரவரி, மார்ச் பாருங்க. மே, ஜூன்ல டெல்லி வெயில் 45 டிகிரிய தொடும், டிசம்பர் கடைசிலேர்ந்து ஜனவரி வரைக்கும் பனிமூட்டத்துல ரயிலும் ஃப்ளைட்டும் மணிக்கணக்கா லேட் ஆகும். ஸ்கூல் லீவுனால மே மாசம் தான் முடியும்னா நீங்க மே மாசமே போங்க, ஆனா நாயோட பயணம் ராத்திரியா இருக்கணும்.

ரயில், ஃப்ளைட், கார், இதுல எது பெஸ்ட்?

என்னக் கேட்டா, கூப்பே (ஃபர்ஸ்ட் ஏசில கதவோட இருக்கற ரெண்டு பெர்த் தனி அறை) கிடைக்கும்னா ரயில் தான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரல்ல கிளம்புது, கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர், ஒன்றரை நாளுக்குள்ள டெல்லி போயிடும், அவ்ளோ நேரமும் நாய் உங்க காலடியிலயே ஏசில படுத்திருக்கும். ஃப்ளைட் மூணு மணி நேரம் தான்னு தோணும், ஆனா பெரிய நாயா இருந்தா செக்-இன்லேர்ந்து எறங்கற வரைக்கும் உங்கள விட்டுட்டு தனியா தான் இருக்கும். பூனை, கேபின்ல கூட வெச்சுக்கற அளவு சின்ன நாய், இதுங்களுக்கு ஃப்ளைட் நல்லது.

கார்ல போறதுன்னா ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டணும், மூணு நாளாவது ஆகும், விஜயவாடா, நாக்பூர் பக்கம் நாய அனுமதிக்கற ஹோட்டலா முன்னாடியே போன் பண்ணி பேசி வெச்சிருக்கணும். வயசான நாய், தனியா விட்டா பதறுற நாய், ரெண்டு மூணு பிராணி வெச்சிருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் கார் தான் சரி, நிறுத்தணும்னு தோணுற எடத்துல நிறுத்திக்கலாம்ல.

என்னென்ன பேப்பர் வேணும்?

தடுப்பூசி புக் (ரேபிஸ் ஊசி தேதி, டாக்டர் கையெழுத்து, ஸ்டிக்கர் எல்லாம் இருக்கணும், போட்டு ஒரு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது), ஃபிட்னஸ் சர்டிஃபிகேட், உங்க அடையாள அட்டை, டிக்கெட். இவ்ளோ தான். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்ட ரொம்ப முன்னாடி வாங்கிடாதீங்க, ரயிலுக்கு கிளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி வாங்கினது தான் பாதுகாப்பு, ஏர்லைன்ஸ் ஒவ்வொண்ணும் ஒரு கணக்கு வெச்சிருக்கு, புக் பண்ணும்போதே எத்தன நாளுக்குள்ள வாங்கினது வேணும்னு கேட்டுடுங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில வாங்கலாம், இல்ல ரெஜிஸ்டர் பண்ண எந்த வெட்னரி டாக்டர்கிட்டயும் வாங்கலாம். டாக்டரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும் சீலும் இருக்கான்னு அங்கயே நின்னு பாத்துட்டு வாங்க.

உண்ணி மருந்த ஒரு வாரம் முன்னாடியே போட்டுடுங்க. சென்னை நாய்ங்களுக்கு உண்ணிக் காய்ச்சல் ரொம்ப சகஜம், பயணக் களைப்புல உள்ள அடங்கி இருந்தது வெளிய வந்துடும், புது ஊர்ல டாக்டரே தெரியாத நேரத்துல அது வேண்டாம். எல்லா பேப்பரையும் நாலு ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு கைப்பையில வைங்க, சாமானோட பேக் ஆயிடப் போகுது.

சின்ன நாய் தான், தேர்ட் ஏசில மடில வெச்சுக்கிட்டு போலாமா? யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே

கூடாது. செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, சேர் கார், ஸ்லீப்பர், எதுலயும் நாய்க்கு அனுமதி கிடையாது. ஃபர்ஸ்ட் ஏசில கூப்பேயோ கேபினோ மொத்தமா உங்களுக்கே இருந்தா கூட்டிட்டு போலாம், இல்லன்னா பிரேக் வேன் (ரயில்ல கார்டும் லக்கேஜும் போற பெட்டி). புக் பண்ணாம ஏத்தி மாட்டினா லக்கேஜ் கட்டணத்துல ஆறு மடங்கு வாங்குவாங்க, பணத்த விட பெரிய கஷ்டம் என்னன்னா நடுராத்திரில தெரியாத ஸ்டேஷன்ல நாய பிரேக் வேனுக்கு மாத்தச் சொல்வாங்க. கூட வர்றவங்கள்ல நாய்னா பயப்படறவங்க இருப்பாங்க, அலர்ஜி இருக்கற குழந்தை இருக்கும், அவங்க எதிர்ப்பும் நியாயம் தானே.

கூப்பே வேணும்னு எங்க கேக்கறது? ஐஆர்சிடிசில அந்த ஆப்ஷனே இல்லையே

ஆமா, இருக்காது. ரெண்டு பேரா ஒரே பிஎன்ஆர்ல ஃபர்ஸ்ட் ஏசி டிக்கெட் போடுங்க (கூப்பேல ரெண்டு பெர்த், கேபின்ல நாலு பெர்த், நாலு பேர் குடும்பம்னா கேபின்). அப்புறம் ரயில் எந்த எடத்துல கிளம்புதோ அந்த ரயில்வேயோட கமர்ஷியல் பிரிவுக்கு ஒரு லெட்டர் எழுதணும், சென்னைலேர்ந்து கிளம்புற வண்டின்னா சதர்ன் ரயில்வே தலைமை அலுவலகம், சென்ட்ரல் பக்கத்துலயே இருக்கு. பிஎன்ஆர், ரயில் நம்பர், தேதி, நாயோட இனம், வயசு, உங்க போன் நம்பர், கூடவே தடுப்பூசி ஜெராக்ஸ். நேர்ல குடுத்து ஒரு காப்பில சீல் வாங்கிக்கோங்க, பயணத்துக்கு மொத நாள் திரும்பப் போய் ஞாபகப்படுத்துங்க.

சார்ட் போடும்போது தான் கூப்பே கிடைச்சுதா இல்லையான்னு தெரியும், அது வரைக்கும் வயித்துல புளிய கரைக்கத் தான் செய்யும். கிடைச்சதும் நேரா பார்சல் ஆபீஸ். வண்டி கிளம்ப மூணு மணி நேரம் முன்னாடியாவது நாயோட போயிடுங்க, ஃபாரம் எழுதணும், பேப்பர் பாப்பாங்க, லக்கேஜ் ரேட்ல பணம் கட்டி ரசீது வாங்கணும். உங்க டிக்கெட்டோட ஒப்பிட்டா அந்தக் கட்டணம் ரொம்ப கம்மி. டிடிஇ வந்தா காட்ட வேண்டியது அந்த ரசீது தான், கைலயே வெச்சிருங்க. ஒரு பிஎன்ஆருக்கு ஒரு நாய் தான்.

நான் ஒருத்தி தான் போறேன். ரெண்டாவது பெர்த்துக்கு சும்மா அண்ணன் பேர்ல டிக்கெட் போட்டுட்டு தனியா போலாமா?

நிறைய பேர் இப்படி யோசன சொல்றாங்க, நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேர்ல ஆள் வரலன்னா டிடிஇ அந்த பெர்த்த காலின்னு எழுதி வேற யாருக்காவது குடுத்துடலாம், குடுத்துட்டா கூப்பே உங்களுக்கு மட்டும்ங்கற கணக்கே போயிடுச்சு, வர்றவர் முடியாதுன்னா நாய் பிரேக் வேனுக்குத் தான் போகணும், கட்டுன பணமும் திரும்ப வராது. அண்ணனயோ ஃப்ரெண்டையோ நிஜமாவே கூட்டிட்டு போங்க. நாய தனியா விட்டுட்டு பாத்ரூம் போறது, ஸ்டேஷன்ல எறங்கறது, எல்லாத்துக்கும் இன்னொரு ஆள் வேணும்.

கூப்பே கிடைக்கலன்னா பிரேக் வேன்ல போடலாமா?

சட்டப்படி போடலாம். கார்டு பெட்டில நாய்க்குன்னு ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். குனிஞ்சு உள்ள பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும், பெரிய லேப்ரடார் அதுல நிமிந்து நிக்க முடியாது, சக்கரச் சத்தம் நேரா காதுல விழும், ஏசி கிடையாது, சாப்பாடும் தண்ணியும் நீங்க தான் ஒவ்வொரு பெரிய ஸ்டேஷன்லயும் ஓடிப் போய் குடுக்கணும். பெங்களூருக்கு ஆறு மணி நேரம்னா குளிர்காலத்துல யோசிக்கலாம். டெல்லிக்கு வேண்டாம். டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு வேற தேதி பாருங்க, அதுக்குத் தான் முதல்லயே நாய் தேதிக்கு அப்புறம் லாரி தேதின்னு சொன்னேன்.

ரயில்ல ஒண்ணுக்கு ரெண்டுக்கு எப்படி போகும்? எங்க டாமி மண்ண பாத்தா தான் போவான்

எல்லாரும் பயப்படறது இதுக்குத் தான். ஒரு மாசம் முன்னாடிலேர்ந்து வீட்டு பால்கனிலயோ பாத்ரூம்லயோ ஒரு ட்ரேல கொஞ்சம் மண்ணும் காஞ்ச புல்லும் போட்டு அதுல போகப் பழக்குங்க, அடில பெட் ஷீட் (படுக்கை விரிப்பு இல்ல, பிராணிங்க ஒண்ணுக்குப் போக விரிக்கற ஈரம் உறிஞ்சற ஷீட்) விரிச்சு, மெதுவா மண்ண கொறச்சுக்கிட்டே வாங்க. கிளம்பற அன்னிக்கு அவன் போன பெட் ஷீட்ல ஒரு துண்டு வெட்டி கவர்ல போட்டு எடுத்துக்கோங்க, கூப்பே தரைல புது ஷீட் மேல அத வெச்சா மோப்பம் புடிச்சு வந்து போயிடும்.

விஜயவாடா, பல்ஹார்ஷா, நாக்பூர், போபால்ல எறங்கலாம், ஆனா நிக்கறது சில நிமிஷம் தான், பெட்டி வாசல விட்டு தூரம் போகாதீங்க. கழுத்துப் பட்டை மட்டும் போதாது, ஹார்னஸும் (நெஞ்ச சுத்திப் போடற பட்டை) போட்டு ரெண்டு கயிறா புடிங்க, பிளாட்ஃபாரத்துல இருக்கற நாய்ங்க குலைச்சுட்டு வந்தா பயந்து தலைய பின்னாடி இழுத்து பட்டைலேர்ந்து உருவிட்டு ஓடிடும். பல நாய்ங்க 12, 14 மணி நேரம் அடக்கி வெச்சுக்கும், பதறாதீங்க. தண்ணிய நிறுத்தாதீங்க, சாப்பாட்ட மட்டும் பாதியாக்குங்க.

ஃப்ளைட்ல எங்க கூடவே சீட் பக்கத்துல வெச்சுக்கலாமா? எந்த ஏர்லைன்ஸ்?

ஏர் இந்தியாவும் ஆகாசா ஏரும் எடுக்கறாங்க. ஆகாசா 2022 நவம்பர்லேர்ந்து எடுக்குது, கேபின் எடை வரம்பு மொதல்ல 7 கிலோவா இருந்துச்சு, அப்புறம் 10 ஆக்குனாங்க. இண்டிகோல சேவை நாய் தவிர வேற எடுக்கறதில்ல. எடைன்னா பையோட சேத்து எடை, நாய மட்டும் நிறுத்துட்டு எண்ணாதீங்க. சீட் மேல வெக்க முடியாது, பயணம் முழுக்க பைக்குள்ளயே, காலுக்குக் கீழ.

ஒரு ஃப்ளைட்டுக்கு ஒண்ணு ரெண்டு பிராணி தான் எடுப்பாங்க, அதனால டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணி அந்த ஃப்ளைட்ல எடம் இருக்கான்னு கேட்டுட்டு, எழுத்துல உறுதி வாங்கிட்டு அப்புறம் வாங்குங்க. கடைசி முடிவு பைலட் கைல. நேர் ஃப்ளைட் மட்டும் பாருங்க, நடுவுல மாறுற ஃப்ளைட் வேண்டவே வேண்டாம்.

பெரிய நாய், கார்கோல தான் போகணுமாம். அங்க காத்தே இருக்காதுன்னு சொல்றாங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

உயிருள்ளது ஏத்தற பகுதில காத்தழுத்தமும் வெப்பமும் கட்டுப்பாட்டுல தான் இருக்கும். ஆபத்து பறக்கும்போது இல்ல, தரைல. ஏத்தறதுக்கு முன்னாடி டிராலில வெயில்ல நிக்கற நேரம் இருக்கு பாருங்க, அது தான். அதனால தான் ராத்திரி இல்லன்னா விடிகாலை ஃப்ளைட் எடுங்கன்னு சொல்றது. கூண்டு தண்ணிக் கிண்ணத்துல மொத நாளே தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சுடுங்க, ஐஸா இருந்தா ஏத்தும்போது சிந்தாது, மெதுவா கரைஞ்சு நக்கிக்கும்.

கூண்டு என்ன சைஸ் வாங்கணும்? கடைக்காரர் லார்ஜ் போதும்ங்கறார்

கடைக்காரர் சொல்றத விட்டுட்டு டேப் எடுத்து அளங்க. மூக்கு நுனிலேர்ந்து வால் ஆரம்பிக்கற எடம் வரைக்கும் ஒரு அளவு, தரைலேர்ந்து முன்னங்கால் முட்டி (மேல நெஞ்சுகிட்ட இருக்கற முழங்கை மூட்டு) வரைக்கும் ஒரு அளவு. முதல் அளவோட ரெண்டாவதுல பாதிய கூட்டினா கூண்டு நீளம். தோள் அகலம் ரெண்டு மடங்கு, அது கூண்டு அகலம். நிக்கும்போது தலை உச்சி, காது நிமிந்து நிக்கற நாய்னா காது நுனி, அதோட விரிப்பு தடிமன், அது உயரம். ஒரு லேப்ரடார் மூக்குலேர்ந்து வால் வரைக்கும் 80 சென்டிமீட்டர், முட்டி 36 சென்டிமீட்டர்னா 98 சென்டிமீட்டர் நீளம் வேணும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி கால் நீளமான நாய்க்கு உயரத்துல தான் இடிக்கும், அத ரெண்டு தடவ அளந்துக்கோங்க.

வாங்கின அன்னிக்கே ஹால்ல வெச்சு கதவ கழட்டிடுங்க. சாப்பாட்டு தட்ட உள்ள வைங்க, அது பாட்டுக்கு போய் வரட்டும். தானா உள்ள படுத்து தூங்க ஆரம்பிச்சப்புறம் கதவ மாட்டி அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு மூடுங்க. உங்க பழைய சட்டை ஒண்ணு துவைக்காம உள்ள போடுங்க.

எங்களது பக். ஏர்லைன்ஸ்ல மாட்டேன்னுட்டாங்க, ஏன்?

பக், ஷிட்சூ, பாக்ஸர், பூனைல பெர்ஷியன், இதுங்களுக்கு மூக்கு அமுங்கி மூச்சுக் குழாயே குறுகலா இருக்கும். நாய் மூச்சிரைச்சு தான் உடம்புச் சூட்ட தணிக்கும், இதுங்களால அது சரியா முடியாது, பயத்துலயும் வெயில்லயும் சட்டுனு மூச்சுத் திணறும். ஏர்லைன்ஸ் மறுத்தது உங்க பக்குக்கு நல்லது. ஏசி கூப்பே, இல்லன்னா ஏசி கார்.

தூக்க மாத்திரை குடுத்துட்டா நிம்மதியா தூங்கிட்டே வந்துடும்ல?

தயவு செஞ்சு குடுக்காதீங்க, அதுவும் ஃப்ளைட்டுக்கு வேண்டவே வேண்டாம். மயக்கத்துல ரத்த அழுத்தம் குறையும், உடம்பு சூட்ட சமாளிக்க முடியாது, வாந்தி எடுத்தா மூச்சுக் குழாய்ல போயிடும், கூண்டுக்குள்ள பாக்க ஆளும் இல்ல. மயக்கத்துல இருக்கற பிராணிய ஏர்லைன்ஸே திருப்பி அனுப்பிடும். வாந்தி வராம இருக்கவும் பதட்டம் குறையவும் வேற மருந்து இருக்கு, உங்க டாக்டர் அதுக்குன்னு பாத்து எழுதிக் குடுத்தா சரி, அதையும் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு நாள் குடுத்துப் பாத்துடணும்.

பெட் ரிலொகேஷன் ஏஜென்சி நம்பலாமா? ஆன்லைன்ல ஒருத்தர் பாதி ரேட்டுக்கு சொல்றார்

நல்ல ஏஜென்சி இருக்காங்க, ஆனா பாதி ரேட்னாலே நான் சந்தேகப்படுவேன். வண்டியோட பின்பக்கத்துக்கும் ஏசி வருதா, ஒரு ட்ரிப்ல எத்தன பிராணி, டிரைவர் ஒருத்தரா ரெண்டு பேரா, ராத்திரி எங்க தங்குவாங்க, நிறுத்தற எடத்துலல்லாம் வீடியோ அனுப்புவாங்களா, இத கேளுங்க. முதல் பதில்ல சொன்ன தண்ணி, சாப்பாட்டுக் கணக்கயும் கேளுங்க, தெரியலன்னு முழிச்சா வேற ஆள பாருங்க. வண்டிய நேர்ல பாக்காம பணம் போடாதீங்க.

ஏமாத்தறவங்க வழி எல்லாம் ஒண்ணு தான். நாய ஏத்திட்டு போயிடுவாங்க, இல்ல ஏத்திட்டதா போட்டோ அனுப்புவாங்க, அப்புறம் ஏர்போர்ட்ல புடிச்சு வெச்சுட்டாங்க, ஸ்பெஷல் கூண்டுக்கு டெபாசிட் கட்டுங்க, இன்சூரன்ஸ் கட்டுங்க, எல்லாம் திரும்ப வந்துடும்னு சொல்லி தனி ஆள் யூபிஐக்கு பணம் கேப்பாங்க. அப்படி ஒரு மெசேஜ் வந்தா பணம் அனுப்பாதீங்க, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிச்சு புகார் பண்ணுங்க.

பூனைக்கும் இதே தானா?

ரூல்ஸ் கிட்டத்தட்ட இதே தான், ஆனா பூனை தொலையறது பயணத்துல இல்ல, பேக்கிங் நடக்கற அன்னிக்கு. ஆளுங்க கட்டில தூக்கிட்டு போகும்போது வாசக்கதவு நாள் முழுக்க திறந்தே கிடக்கும், பயந்த பூனை நேரா படிக்கட்டு எறங்கிடும். அன்னிக்கு காலைல மொத வேலையா பூனைய பாத்ரூம்ல லிட்டர் ட்ரே, தண்ணியோட விட்டு பூட்டி, "திறக்காதீங்க"ன்னு எழுதி ஒட்டி, சாவிய உங்க பாக்கெட்ல போடுங்க. கேரியர் மேல மெல்லிசா ஒரு துணி போத்துங்க, வழில எங்கயும் திறக்காதீங்க. ரெண்டு பூனைன்னா ரெண்டு கேரியர், வீட்ல எவ்ளோ ஒட்டி இருந்தாலும் பயத்துல ஒண்ண ஒண்ணு கடிக்கும். புது வீட்ல மொதல்ல ஒரே ஒரு ரூம், அங்க சாப்பிட்டு நடமாட ஆரம்பிச்சப்புறம் தான் மத்த ரூம். பால்கனிக்கு வலை போடாம கதவ திறக்காதீங்க.

எங்க வீட்ல பச்சைக்கிளியும் ஒரு நட்சத்திர ஆமையும் இருக்கு, அத எப்படி கொண்டு போறது?

கொண்டு போக முடியாது, வீட்ல வெச்சிருக்கறதே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி தப்பு. பாசமா தான் வளத்திருப்பீங்க, ஆனா வழில மாட்டினா கேஸ். கூண்ட திறந்து பறக்க விட்டுடலாம்னும் நினைக்காதீங்க, வீட்ல வளந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்காவே கொத்திடும். வனத்துறைகிட்ட ஒப்படைக்கறது தான் சரி. லவ் பேர்ட்ஸ்னு நாம சொல்ற பட்ஜெரிகர், காக்டீல் எல்லாம் வெளிநாட்டு இனம், பிரச்சன இல்ல. ஆப்பிரிக்கன் கிரே கிளி வெச்சிருந்தா மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணியிருக்கணும், 2024 விதிப்படி.

மீன் தொட்டி?

மீன கடைல ஆக்சிஜன் பை கட்டி வாங்குங்க, மொத நாள் இரை போடாதீங்க, தெர்மாகோல் பெட்டில வைங்க. ஃபில்டர் ஸ்பாஞ்ச கழுவாம தொட்டித் தண்ணிலயே ஈரமா கொண்டு போங்க. நேர்மையா சொன்னா டெல்லி வரைக்கும் கொண்டு போறதுக்கு பதில் இங்க வளக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்குக் குடுத்துட்டு போறது மீனுக்கு நல்லது.

தெருவுல சாப்பாடு போட்டு வளத்த நாய், ரொம்ப ஒட்டிக்கிச்சு. கூட்டிட்டு போலாமா?

ராத்திரி உங்க வீட்டுக்குள்ள தான் தூங்குதுன்னா கண்டிப்பா கூட்டிட்டு போங்க, கருத்தடை ஆபரேஷன், தடுப்பூசி முடிச்சு, ஒரு ரெண்டு மாசம் முழுசா வீட்டுக்குள்ள பழக்கி, அப்புறம் மேல சொன்னது எல்லாம். ஆனா அதுக்கு அந்தத் தெருவும் கூட சுத்துற நாய்ங்களும் தான் உலகம், வீட்டுக்குள்ள வந்தா பத்து நிமிஷத்துல கதவ பிராண்டுதுன்னா பன்னெண்டாவது மாடி ஃப்ளாட்ல அது தவிச்சுப் போயிடும். அப்போ தெருல தினம் சாப்பாடு போடுற ஆள் ஒருத்தர கண்டுபிடிச்சு, நீங்க இருக்கும்போதே அவர் கையால சாப்பிடப் பழக்கிட்டு போங்க.

புது அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல நாய்க்கு அனுமதி இல்லன்னு சொல்றாங்க. அட்வான்ஸ் குடுத்துட்டோம்!

அசோசியேஷன் அப்படி தடை போட முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26ல சுற்றறிக்கையே விட்டிருக்கு, பொதுக்கூட்டத்துல தீர்மானம் போட்டாலும் செல்லாது. அத பிரிண்ட் எடுத்துக் குடுங்க, சண்டையா ஆக்காம, தடுப்பூசி போட்டிருக்கு, கயிறோட தான் கூட்டிட்டு வருவோம், அசிங்கம் பண்ணா நாங்களே எடுப்போம்னு எழுதியும் குடுங்க. ஆனா வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தத்துல பிராணி கூடாதுன்னு போட்டு நீங்க கையெழுத்தும் போட்டிருந்தா அது வேற கதை. அதனால வீடு பாக்கும்போதே மொத கேள்வியா இத கேளுங்க, நாய மறைச்சு வீடு புடிக்காதீங்க.

வந்து மூணு நாள் ஆச்சு, சரியாவே சாப்பிட மாட்டேங்குது, டாக்டர்கிட்ட காட்டணுமா?

தண்ணி குடிக்குது, கூப்பிட்டா வாலாட்டுது, கொஞ்சமாவது சாப்பிடுதுன்னா மூணு நாள் வரைக்கும் பாக்கலாம். பழைய சாப்பாடே குடுங்க, ஊர் மாத்தற அன்னிக்கு பிராண்டயும் மாத்தாதீங்க, ஒரு மாசத்துக்கு ஆகறத சென்னைலேர்ந்தே எடுத்துட்டு போங்க. பழைய படுக்கையையும் துவைக்காம போடுங்க. ஆனா காய்ச்சல், ஈறு வெளுத்துப் போறது, மூக்குல ரத்தம், சிறுநீர் காப்பி கலர்ல வர்றது, இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே டாக்டர், நான் முன்ன சொன்ன உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், ரத்தப் பரிசோதனை கேளுங்க, சென்னைலேர்ந்து வந்திருக்கோம்னும் சொல்லுங்க. பூனை ஒரு நாள் முழுக்க ஒண்ணுமே சாப்பிடலன்னா அதுக்கு மேல காத்திருக்காதீங்க, பூனைக்கு பட்டினில கல்லீரல் கெட்டுடும்.

டாக்டர்கிட்ட போற அன்னிக்கே நாய் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு என்ன வேணும்னு கேட்டுடுங்க. டெல்லி மாநகராட்சி, நொய்டா, குர்கான், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பதிவு, சென்னை லைசென்ஸ் அங்க செல்லாது, ரேபிஸ் சர்டிஃபிகேட்ட ஃபைல்லேர்ந்து எடுத்து கைல வெச்சுக்கோங்க.